முழங்காலில் நின்ற பிள்ளைகள்

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை ஒன்று கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டால், சபைப் பெரியவர்கள் காரணம் தேடிப் போகும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கல்லூரிச் சகவாசம், கைபேசி, சென்னை வேலை, கையில் புரளும் காசு. நான் பார்த்தவரையில், விசுவாசத்தை விட்டு விலகிய பிள்ளைகளில் சிலர் இந்தக் கணக்கு எதிலும் அடங்காதவர்கள். மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் முழங்காலில் நின்றவர்கள். உபவாச ஜெபத்தில் கடைசியாக எழுந்தவர்கள். ஆண்டவரே, என்னை மாற்றும் என்று பதின்ம வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். அவர்கள் தன்பால் ஈர்ப்பு உடையவர்கள். அவர்கள் கேட்ட மாற்றம் வரவில்லை. அதன் பிறகு நம் சபைகள் அவர்களை என்ன செய்தன என்பதைப் பேசவே இதை எழுதுகிறேன்.

தென்மாவட்டச் சேகரம் ஒன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிப் பரிசுகளை வாரிக்கொண்டு போனவர். திடப்படுத்தல் பெற்ற கையோடு பாடகர் குழுவில் சேர்ந்தவர். அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு விடியவிடிய வெங்காயம் உரித்துவிட்டு, மறுநாள் பந்தியில் குழம்பு வாளியோடு ஓடுகிறவர். தன்னைப் பற்றிய உண்மையை அவர் முதலில் சொன்னது தாய் தகப்பனிடம்கூட இல்லை, போதகரிடம். அவ்வளவு நம்பிக்கை அவருக்குச் சபைமேல் இருந்தது.

போதகர் கொடுமைக்காரர் அல்ல. கேட்டுக் கண்கலங்கினார். பிறகு, நல்ல எண்ணத்தோடுதான், ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஜெபவீட்டுக்கு அவரை அனுப்பிவைத்தார். அங்கே மூன்று நாள் உபவாசம். நெற்றியில் எண்ணெய் பூசி, இருவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தி, உள்ளே இருக்கும் அசுத்த ஆவி வெளியேற வேண்டும் என்று அதட்டினார். கடைசி நாளில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். விடுதலை பெற்றேன் என்று அவரும் சொன்னார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னார். சில வாரங்களில் எதுவும் மாறவில்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: உனக்கு விசுவாசம் போதாது, அறிக்கையிடாத பாவம் ஏதோ மிச்சம் இருக்கிறது.

இந்தப் பதிலில்தான் எல்லாக் கேடும் இருக்கிறது. நோய்க்காக ஜெபிக்கிறோம்; குணமாகாவிட்டால் தேவசித்தம் என்கிறோம். பிள்ளைப்பேறுக்காக ஜெபிக்கிறோம், கிடைக்காவிட்டால் கர்த்தருடைய வேளை வரும் என்கிறோம். இந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் அந்த ஆறுதல் கிடையாது. கேட்கப்படாவிட்டால் குற்றம் கேட்டவன்மேல் விழுகிறது. மாறாமல் இருப்பதே அவன் விசுவாசமில்லாதவன் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. அவன் முதலில் தன்னைச் சந்தேகிக்கிறான். பிறகு தன் ஜெபத்தை. கடைசியில், தன்னை இப்படிப் படைத்துவிட்டு இப்படி இருப்பதற்காகத் தண்டிக்கிற கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறான். இப்படிக் கேட்கும் இடத்துக்கு அவனைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாம். கேட்டதும் அவனைப் பின்மாற்றக்காரன் என்று சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்தச் சோதனையைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1976இல் தொடங்கப்பட்ட ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு, தன்பால் ஈர்ப்பை ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றலாம் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேரிடம் ஈர்ப்பு மாறவில்லை என்று 2012இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு, காயப்படுத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அமைப்பையே மூடிவிட்டார்கள். அங்கே மூடப்பட்ட கடை இங்கே ‘விடுதலை ஜெபம்’ என்ற பெயரில் இன்னும் திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி உரக்கப் பேசியது திருச்சபை அல்ல, நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீஸாரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்து கேட்டறிந்தார். தன் மனத்தில் இருந்த முன்முடிவுகளைப் பற்றித் தீர்ப்பிலேயே எழுதினார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மருத்துவர் இதைச் செய்தால் அவர்மீது நடவடிக்கை எடுக்க வழி உண்டு. ஜெபவீட்டுக்கு மருத்துவ ஆணையம் கிடையாது. அங்கே தோளைப் பிடித்து அழுத்துகிறவரைக் கேட்பார் இல்லை.

இது கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் நடப்பது என்று சொல்லமாட்டேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருவர், தன்னை ‘சரியாக்க’ வீட்டார் அடித்ததையும் சடங்குகள் செய்ததையும் நீதிபதிகளிடம் சொன்னார். அவரை அவர் விரும்பிய தோழியோடு போக அனுமதித்த நீதிபதிகள், குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் உண்டாவதில்லை என்றும் எழுதினார்கள். எல்லா மதத்து வீடுகளிலும் இந்தப் பயம் இருக்கிறது. ஆனால், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவரைப் பற்றி ஞாயிறுதோறும் பேசுவது நாம். எனவே கேள்வி நம்மிடம்தான் முதலில் வரும்.

சாட்சி பலிக்காதபோது அடுத்ததாக நம் ஊர்களில் கையில் எடுக்கப்படும் மருந்து கல்யாணம். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கப்படும். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்கும்போது, அந்தத் தடையை நன்றாக அறிந்த போதகரே ஓலையை வாசிக்கிறார். அறிந்த பெற்றோரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்புறம் நிற்கிற பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தன்பால் ஈர்ப்பைப் பாவம் என்று கருதுகிறவர்கள்கூட ஒரு கணம் யோசிக்க வேண்டும்: அந்தப் பெண்ணுக்குச் செய்யப்படுவது என்ன? அவள் வாழ்நாள் முழுதும் தன் அழகிலும் அன்பிலும் குறை தேடிக்கொண்டிருப்பாள். கர்த்தருடைய நாமத்தினால் நடத்தப்படும் இந்த ஏமாற்றைப் பற்றி நம் பிரசங்க பீடங்கள் பேசி நான் கேட்டதில்லை.

அப்படியானால் துறவியாய் இருந்துவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் துறவுக்கு ஒரு மரியாதையும் இடமும் உண்டு. அது அழைப்பு என்றும், எல்லோருக்கும் அருளப்படுவதில்லை என்றும் அதுவே போதிக்கிறது. நம் சீர்திருத்தச் சபைகளில் அதுவும் இல்லை. முப்பது தாண்டிய ஒருவர் தனியாக ஆலயத்துக்கு வந்தால், வாசலிலேயே நான்கு பேர் ‘எப்பப்பா கல்யாணச் சாப்பாடு?’ என்று கேட்பார்கள். மணமாகாதவருக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டுவைக்காத சபை, மணமாகாமலே இரு என்று ஒரு சாராருக்கு மட்டும் கட்டளையிடுவது எந்த நியாயம்?

வேதாகமம் என்ன சொல்கிறது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஆணோடு ஆண் சேர்வதைக் கண்டிக்கும் வசனங்கள் லேவியராகமத்திலும் பவுலின் நிருபங்களிலும் இருக்கின்றன. இல்லை என்று சாதிப்பது நேர்மையல்ல. ஆனால் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டும் சோதோம், அந்த வரிசையில் வராது. அங்கே நடக்கவிருந்தது, வீடு தேடி வந்த அந்நியர்மீது ஊரே திரண்டு செய்யத் துணிந்த வன்கொடுமை. சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் விளக்குகிறது: அகந்தை, வயிறு நிறைந்த வாழ்வு, ஏழையின் கையைப் பிடித்துத் தூக்காமல் விட்டது. இயேசு தன்பாலுறவைப் பற்றி ஒன்றும் பேசியதாகச் சுவிசேஷங்களில் இல்லை. மறுமணத்தைப் பற்றி அவர் கடுமையாகவே பேசினார். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டே, முறிந்த மணவாழ்க்கைகளுக்கு முன்னால் இரக்கத்தோடு நிற்கப் பல சபைகள் கற்றுக்கொண்டன.

வசனம் இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுமென்றால், நம் சபைகளின் சரித்திரமே வேறு விதமாக இருந்திருக்கும். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக்குப் போனால் இதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் பார்க்கலாம். அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்தை 1870களில் கட்டியபோது, ஒரே பீடத்தை நோக்கி வந்து சேரும் இரண்டு தனித்தனிக் கூடங்களாகக் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் போல. ஒரு கூடத்தில் வேளாளர், மற்றதில் நாடார். குருவானவர் நடுவில் நிற்பார். இரு பக்கத்தாரும் அவரைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இதை ஏற்பாடு செய்தவர்கள் கடவுள் பயம் இல்லாதவர்கள் அல்ல. அது சமாதானத்துக்கான வழி, உலக ஒழுங்கு, பெரியோர் வகுத்த முறை என்று உண்மையாகவே நம்பினார்கள். 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தனியிடம் எங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

சீர்திருத்தச் சபைகளின் கதையும் இதுதான். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பாகுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதி அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சாதி வழக்கங்களில் கைவைத்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம், பாடவும் வேண்டும். அவருடைய பக்தியில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பக்திமானும் இந்த ஒரு காரியத்தில் தவறினார். அவ்வளவு ஆழமான விசுவாசம் உள்ள மனிதரே பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்ற விஷயத்தில் தவறியிருக்கிறார் என்றால், இன்று நாமும் தவறியிருக்கலாம் என்று எண்ணிப்பார்க்கும் தாழ்மையாவது நமக்கு வேண்டும். சாதி நம் சபைகளில் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தனிக் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ள ஊர்களை நாம் அறிவோம். ஆனால் அதற்கு வசனம் காட்டும் துணிவு இன்று எந்தப் போதகருக்கும் இல்லை. சபையில் பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்ற பவுலின் வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டே, தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பாலுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்ப லலிதாவைப் பேராயராக்கியது. வேதாகமத்தை யாரும் கிழித்தெறியவில்லை. முழுவதையும் சேர்த்து வாசித்தார்கள்.

அப்படி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அப்போஸ்தலருடைய நடபடிகள்தான். யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த பேதுருவுக்குத் தீட்டென்று தள்ளப்பட்ட ஜீவன்கள் நிறைந்த விரிப்பு தரிசனமாகிறது. அவர் மறுக்கிறார், அதுவும் வேதத்தைக் காட்டி. பிறகு செசரியாவுக்குப் போய்க் கொர்நேலியுவின் வீட்டில் அடியெடுத்து வைக்கிறார். அந்நியர்மேல் பரிசுத்த ஆவி இறங்குவதைக் கண்ணால் காண்கிறார். எருசலேமில் ஆலோசனைச் சங்கம் கூடியபோது, விருத்தசேதனம் வேண்டும் என்றவர்களிடம் தெளிவான வசனம் இருந்தது. பேதுருவிடம் இருந்தது அவர் கண்ட மனிதர்களின் வாழ்க்கை. சங்கம் அந்த வாழ்க்கைகளைக் கேட்டது. கேட்ட பிறகுதான் வேதத்தைத் திறந்து ஆமோசில் அதற்கான இடத்தைக் கண்டது. அந்தத் தீர்மானத்தால்தான் தமிழர்களாகிய நாம், விருத்தசேதனம் இல்லாமல், திருவிருந்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். பந்தியில் இடம் கிடைத்தவர்களுக்கு அடுத்தவனின் இடத்தைப் பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று சபைக் கமிட்டிகளில் சொல்லப்படுவதுண்டு. மேல்நாட்டிலிருந்து இங்கே வந்தது தண்டனைதான். 1533இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின் வாரிசு, 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவாக நம்மீது ஏற்றப்பட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவை அதிலிருந்து விடுவித்தது. அந்தப் பிரிவு அப்படியே நீடிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பது வருத்தத்துக்குரியது. 2013இலேயே மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பால் ஈர்ப்பு உடையவர்களைத் தம் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகத் திருச்சபைகள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2023 டிசம்பரில், வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் தன்பால் இணையருக்கு எளிய ஆசி வழங்கக் குருக்களுக்கு அனுமதி தரப்பட்டது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்பதும் கூடவே சொல்லப்பட்டது. ஆப்பிரிக்க ஆயர்களில் பெரும்பாலோர் ஏற்க மறுத்தார்கள். அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஐக்கிய மெதடிஸ்ட் சபை, 1984 முதல் இருந்த குருப்பட்டத் தடையை 2024 மே மாதம் 692க்கு 51 என்ற வாக்கில் நீக்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான சபைகள் பிரிந்துபோயிருந்தன. பிளவு வரும் என்ற பயம் பொய்யல்ல. 1833இலும் பிளவு வந்தது. அதற்காக வில்சன் எழுதியிருக்கக் கூடாது என்று யாரும் இன்று சொல்லமாட்டார்கள்.

இவர்களில் யாரையும் அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. நாமே கையெழுத்திட்ட ஐக்கியத்தின் வார்த்தையைக் காப்பாற்றினால் போதும். தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினராக இருக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் ஆயர்கள் 1998இல் லாம்பெத்தில் கூடியபோது, தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தார்கள். நம் பெரியவர்கள் அந்தப் பாதியை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்மானத்தில், தன்பால் ஈர்ப்பு உடையவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்பதாகவும், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிற்கும் எவரும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவமே என்றும் வாக்களித்தார்கள். எத்தனை திருமண்டலங்கள் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கின? ஒரு நீதிபதி சில மணி நேரம் ஒதுக்கினார்.

சந்தேகம் வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடவுளைக் கேள்வி கேட்டுவிட்டோமே என்று நடுங்க வேண்டாம். யோபு கேட்டார், அவரிடம் பதில் சொல்ல வந்த கடவுள், கோபித்துக்கொண்டது யோபின்மேல் அல்ல, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல். நம் ஊருக்கு வந்த அப்போஸ்தலர் என்று நாம் கொண்டாடுகிறவரே சந்தேகப்பட்ட தோமாதான். சாந்தோமிலும் பரங்கிமலையிலும் சின்னமலையிலும் அவர் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவர் சொன்னதற்கும் இயேசு மறுபடி வந்ததற்கும் நடுவே எட்டு நாள் இருக்கிறது. அந்த எட்டு நாளும் மற்றச் சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. இயேசு வந்தபோது அவர் அவர்களோடு உள்ளேதான் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். உங்களுக்கு அந்த எட்டு நாளைத் தராதது சபையின் குற்றம். அதைக் கடவுளின் குற்றமாக எழுதிவிடாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும், இங்கே மூச்சு முட்டுகிறது என்றால் போங்கள், உயிர் முக்கியம். அதற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் சொன்ன இளைஞர் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறார். ஆலயத்துக்குப் போவதில்லை. பாடுவதையும் விட்டுவிட்டார்.

போதகர்களிடம் கேட்பது இதுதான். திருமணத்தைப் பற்றியும் குருப்பட்டத்தைப் பற்றியும் சினட் கூடிப் பல ஆண்டு விவாதிக்கட்டும். அது நீளும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை வந்து உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையை ஜெபவீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டாம். பாடகர் குழுவிலிருந்து நிறுத்தாமல் இருப்பதற்கு, திருவிருந்தில் அப்பத்தை நீட்டுவதற்கு, தெரிந்தே ஒரு பெண்ணை ஏமாற்றும் ஓலையை வாசிக்க மறுப்பதற்கு, பெற்றோரை உட்காரவைத்துப் பேசுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மருத்துவர் செய்தால் ஒழுங்கீனம் என்று நாடு அறிவித்துவிட்ட காரியம் இனி இந்தச் சபையின் பெயரில் நடக்காது என்று, வரும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு சேர்த்து நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.